குண்டின் வேகத்தை ஊசலில் பிடித்தவர்: பெஞ்சமின் ராபின்ஸ்



பிளஸ் ஒன் பிசிக்ஸ் கொஞ்சம் ஞாபகத்துக்குக் கொண்டுவாங்க. ஒரு மரக்கட்டை தொங்கிக்கிட்டு இருக்கும். ஒரு துப்பாக்கிக் குண்டு வேகமா வந்து அதில் புதையும். கட்டையும் குண்டும் சேர்ந்து கொஞ்சம் மேலே எழும்பும். எழும்பின உயரத்தைக் கொடுத்துட்டு, குண்டின் வேகம் என்னன்னு கேட்பாங்க. உந்த அழிவின்மை விதியைப் போட்டு, மூணு மார்க் வாங்கிட்டு நாம் அடுத்த கணக்குக்குப் போயிருப்போம்.

அந்தக் கணக்கு யாரோ பரீட்சைக்காகக் கற்பனை பண்ணினது இல்லை. நிஜமாகவே ஒரு மனிதர் இரும்பில் ஓர் ஊசல் செய்து, துப்பாக்கியால் அதைச் சுட்டு, கணக்குப் போட்டுப் பார்த்தார். 1742இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அவருடைய வாழ்க்கை எங்கே முடிந்தது தெரியுமா? நம்ம கடலூரில்! அவர்தான் பெஞ்சமின் ராபின்ஸ். இந்த இதழில் அவருடைய கதையைப் பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய ரிவால்வர்

ராபின்ஸின் வேலை எவ்வளவு பெரியது என்று புரிய, இன்றைக்கும் நடக்கிற ஒரு விஷயத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் பழைய ரிவால்வர்களைச் சேகரிப்பவர்கள் நிறையப் பேர். 1873இல் வந்த கோல்ட் ரிவால்வர் மாதிரியான துப்பாக்கிகளை அவர்கள் அலமாரியில் மட்டும் வைப்பதில்லை, இலக்குப் பலகையில் சுட்டும் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து எஃகு, அந்தக் காலத்துக் கருமருந்தின் அழுத்தத்துக்காகச் செய்தது. இன்றைய சக்திவாய்ந்த தோட்டாவைப் போட்டால் உருளையே வெடித்துப் பிளக்கலாம். அதனால் அவர்கள் தோட்டாவைத் தாங்களே கையால் தயாரிக்கிறார்கள். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி இலேசான குண்டு வார்க்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள். மருந்தைக் கிரெய்ன் கணக்கில் தராசில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன் என்றால், எவ்வளவு நுணுக்கமான தராசு வேணும்னு பாருங்க.

எல்லாம் சரி, போட்ட மருந்து அளவாக இருக்கிறதா, அதிகமா, குறைவா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? குண்டின் வேகத்தை அளக்கணும். இன்று அதற்குக் குரோனோகிராஃப் இருக்கிறது. இரண்டு ஒளி உணரிகள், நடுவில் தெரிந்த தூரம், ஒரு கடிகாரச் சில்லு. குண்டு கடந்துபோனதும் திரையில் எண் வந்துவிடும்.

இப்ப 1740க்குப் போங்க. மின்சாரம் கிடையாது. நொடியை நூறாகப் பிரிக்கிற கடிகாரம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு சிப்பாயும் கையால் வார்த்த ஈயக்குண்டையும், கையால் அளந்த மருந்தையும்தான் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குண்டு நொடிக்கு எத்தனை அடி போகிறது என்று உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எல்லாம் ஒரு குத்துமதிப்புதான். அந்தக் குத்துமதிப்புக்கு முடிவு கட்டியவர் ராபின்ஸ்.

ஆயுதம் எடுக்காத குடும்பத்துப் பிள்ளை

ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். எளிய குடும்பம். பெற்றோர் குவேக்கர்கள். குவேக்கர் என்பது போரே கூடாது, ஆயுதமே தொடக் கூடாது என்று நம்புகிற கிறிஸ்தவப் பிரிவு. அந்த வீட்டில் பிறந்த பையன்தான் பின்னாளில் துப்பாக்கி விஞ்ஞானத்தின் தந்தை ஆனான். விதியின் விளையாட்டைப் பாருங்க!

பெரிய பல்கலைக்கழகப் படிப்பு எதுவும் அவருக்குக் கிடையாது. கணக்கில் பையன் கெட்டி என்று தெரிந்ததும், லண்டனுக்கு வந்தார். நியூட்டனின் பிரின்சிபியா நூலின் மூன்றாம் பதிப்பைத் தயாரித்த ஹென்றி பெம்பர்டன் அவருக்கு ஆதரவு கொடுத்தார். 1727இல், இருபது வயசிலேயே, ராயல் சொசைட்டியின் உறுப்பினராகிவிட்டார். நம்ம வயசுதான்! அந்த ஆண்டுதான் நியூட்டன் இறந்தார்.

அதன்பிறகு பிழைப்புக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். ஆனால் கரும்பலகையோடு நிற்க அவரால் முடியவில்லை. பாலம், ஆலை, துறைமுகம், சதுப்பு நிலத்தின் நீரை வடிப்பது என்று பொறியியல் பக்கம் போனார். கோட்டைகளைப் பார்ப்பதற்காகவே ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குப் பயணம் செய்தார். இடையில் நியூட்டனின் நுண்கணிதத்துக்கு அடிப்படையே இல்லை என்று பிஷப் பெர்க்லி தாக்கியபோது, 1735இல் அதற்குப் பதிலாக ஒரு நூல் எழுதினார். ஒரு பக்கம் தூய கணிதம், இன்னொரு பக்கம் சேறும் செங்கல்லும். இரண்டையும் விடாதவர் அவர்.

கிடைக்காத வேலை, கிடைத்த புத்தகம்

1741இல் உல்விச்சில் ராணுவ அகாடமி தொடங்கியது. அங்கே பேராசிரியர் ஆகணும் என்று ராபின்ஸ் ஆசைப்பட்டார். தகுதியைப் பொறுத்தவரை அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவர் பிரதமர் வால்போலை எதிர்த்து அரசியல் துண்டு நூல்கள் எழுதியவர். வேலை வேறொருவருக்குப் போனது. அரசியல்தான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ராபின்ஸ், தான் அந்த வகுப்பறையில் என்ன சொல்லிக்கொடுத்திருப்பாரோ அதையே வளர்த்துப் புத்தகமாக்கினார். 1742இல் வெளிவந்த அதன் பெயர் நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி. துப்பாக்கி இயலின் புதிய தத்துவங்கள் என்று சொல்லலாம். சின்னப் புத்தகம்தான். ஆனால் அதுவரை ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்த பல விஷயங்களை அது கவிழ்த்துப் போட்டது.

அந்த ஊசல் எப்படி வேலை செய்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று கால்கள் சேர்ந்த ஒரு தாங்கி. அதன் உச்சியிலிருந்து தொங்கும் இரும்பு ஊசல். ஊசலின் அடியில் இரும்புத் தகடு, அதன்மேல் தடித்த மரக்கட்டை. குண்டு வந்து மரத்தில் புதையும். ஊசல் பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்று தெரிய, ஊசலின் அடியில் ஒரு ரிப்பனைக் கட்டினார். ஊசல் பின்னால் போகும்போது ரிப்பனையும் இழுத்துக்கொண்டு போகும், திரும்பி வரும்போது ரிப்பன் தொளதொளவென்று தொங்கும். இழுபட்ட நீளத்தை ஸ்கேலில் அளந்தால் போதும். சென்சார் ரெடி!

அவர் கொடுத்த எண்கள் இவை. ஊசலின் எடை 56 பவுண்டு 3 அவுன்ஸ். குண்டின் எடை பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 38 கிராம். அச்சிலிருந்து ஈர்ப்பு மையம் 52 அங்குலம். குண்டு படும் இடம் 66 அங்குலம். ஊசலை ஆடவிட்டு எண்ணினால் 253 நொடியில் 200 வீச்சு.

சாதாரணமாக நிறைகளை மட்டும் வகுத்தால் விகிதம் 670க்கு மேல் வரும். அது தப்பு. ஏன்னா ஊசல் நேர்கோட்டில் நகரவில்லை, சுழல்கிறது. நிலைமத் திருப்புத்திறனைக் கணக்கில் எடுக்கணும். ராபின்ஸ் அந்த 200 வீச்சுகளிலிருந்து அலைவு மையத்தைக் கண்டுபிடித்தார். அது அச்சிலிருந்து 62 அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதையும் சேர்த்துப் போட்டால் விகிதம் 505 என்று இறங்கும். நீங்களும் போட்டுப் பாருங்க, அப்படியே வரும்.

ரிப்பன் 17¼ அங்குலம் இழுபட்டது. அடிபட்ட இடத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 3¼ அடி. அதை 505ஆல் பெருக்கினால் 1,641 அடி. நொடிக்கு 500 மீட்டர்! ஒலியைவிட வேகம். மனிதன் செய்த ஒரு பொருள் ஒலியை முந்துகிறது என்பதை ஒரு ரிப்பனை வைத்து அவர் எண்ணாகச் சொல்லிவிட்டார். நொடியின் சின்னப் பகுதியை அளக்க முடியாது என்றால், அந்த வேகத்தை 505 மடங்கு குறைத்துக்கொண்டு நிதானமாக அளந்துவிடலாம். அவ்வளவுதான் ஐடியா.

மருந்துக்குள் இருக்கும் காற்று

அளந்ததோடு அவர் நிறுத்தவில்லை. குழலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கணக்காக்கினார். வெடிமருந்து எரிந்தால் தன் பருமனைப்போல் 244 மடங்கு வாயுவைத் தருகிறது என்று சோதனையில் கண்டார். எரியும் சூட்டில் அது இன்னும் நான்கு மடங்கு விரியப் பார்க்கும். ஆக, தொடக்க அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சுமார் 1,000 மடங்கு என்று எடுத்துக்கொண்டார். குண்டு நகர நகர வாயு விரியும், பாயில் விதிப்படி அழுத்தம் குறையும். அந்த வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் குண்டு பெறும் ஆற்றல்.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? மெக்கானிக்கல் நண்பர்களே, தெர்மோடைனமிக்ஸில் நீங்கள் வரைகிற அழுத்தம்–பருமன் வரைபடம்தான் இது. தெர்மோடைனமிக்ஸ் என்ற பேரே பிறக்காத காலத்தில்! இந்தக் கணக்கு சொன்ன வேகமும் ஊசல் சொன்ன வேகமும் நெருக்கமாக ஒத்துப்போயின. மருந்தின் உண்மையான அழுத்தம் அவர் எடுத்துக்கொண்டதைவிட அதிகம் என்று பிற்காலத்தில் உல்விச்சின் சார்லஸ் ஹட்டன் திருத்தினார். ஆனால் அவர் திருத்துவதற்குப் பயன்படுத்தியதும் ராபின்ஸின் ஊசலைத்தான்.

காற்று ஒன்றும் சும்மா இல்லை

கலிலியோ காலத்திலிருந்து எறிபொருள் பாதை ஒரு பரவளையம் என்று பாடம். காற்றின் தடை சின்ன விஷயம், விட்டுவிடலாம் என்பது எல்லோருடைய எண்ணம். நாமும் பரீட்சையில் காற்றுத் தடையைப் புறக்கணி என்றுதானே எழுதுகிறோம்!

நொடிக்கு 1,641 அடி வேகத்தில், 45 பாகைக் கோணத்தில் சுட்டால், காற்று இல்லாத இடத்தில் குண்டு 25 கிலோமீட்டர் போகணும். நிஜத்தில் மஸ்கட் குண்டு ஒரு மைலைக்கூட எட்டாது. அப்ப மிச்ச தூரத்தை யார் சாப்பிட்டது? ராபின்ஸ் ஊசலை வெவ்வேறு தூரங்களில் வைத்துச் சுட்டு, வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். குண்டின் மேல் காற்று சுமார் 10 பவுண்டு விசையோடு எதிர்க்கிறது என்று கண்டார். அது குண்டின் எடையைப்போல் 120 மடங்கு! அதோடு, வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இந்தத் தடை திடீரென்று ஏறுகிறது என்பதையும் கவனித்துச் சொன்னார். சூப்பர்சானிக் விமானத்துக்கு இரண்டு நூற்றாண்டு முன்னாடி.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் குண்டு கூடுதல் தூரம் போகும் என்று பீரங்கிப் படையினர் நம்பினார்கள். ராபின்ஸ் இல்லை என்றார். மருந்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகாது. அப்படிக் கிடைத்த கூடுதல் வேகத்தையும் காற்று கொஞ்ச தூரத்திலேயே பிடுங்கிவிடும். மிஞ்சுவது என்ன? துப்பாக்கி பலமாகப் பின்னால் உதைக்கும், குழல் சூடாகும், சீக்கிரம் கெடும். அளவான மருந்தே போதும் என்பது அவருடைய தீர்ப்பு. 1747இல் கடற்படைக்கும் இதையே யோசனையாகச் சொன்னார். பெரிய குண்டு, குறைந்த மருந்து, அதனால் இலேசான பீரங்கி. அப்போது அது நடக்கவில்லை. அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, ஸ்காட்லாந்தின் கேரன் ஆலையில் செய்த கேரனேடு பீரங்கிகளில் அதே யோசனை உயிர் பெற்றது.

பழைய ரிவால்வருக்கு இலேசான தோட்டா தயாரிக்கும் ஆளை இப்ப நினைச்சுப் பாருங்க. அந்த ஆளின் முதல் கவலை பழைய எஃகு. ஆனால் அந்தத் தராசுக்கும் குரோனோகிராஃபுக்கும் பின்னால் நிற்பது ராபின்ஸின் பாடம்தான்: வேலைக்கு வேண்டிய அளவு எது என்று அளந்து தெரிந்துகொள், அதற்குமேல் போடாதே.

வளைந்த துப்பாக்கி

இன்னொரு சோதனை, படிச்சா சிரிப்பு வரும். நேரான குழலில் சுட்டாலும் குண்டு ஏன் ஒரு பக்கமாக விலகுகிறது? குண்டு சுழல்வதால்தான் என்று ராபின்ஸ் சந்தேகப்பட்டார். நிரூபிக்க ஒரு மஸ்கட்டின் வாய்ப்பகுதியை இடதுபக்கம் கொஞ்சம் வளைத்துவிட்டார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தினார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் திரும்பியது! வளைவில் குழலின் வலப்புறச் சுவரில் உருண்டு வந்ததால் கிடைத்த சுழற்சிதான் காரணம்.

கிரிக்கெட்டில் சுழலும் பந்து காற்றிலேயே திரும்புவதும், ஃபுட்பாலில் ஃப்ரீ கிக் வளைவதும் இதே விஷயம்தான். ஆனால் பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகு ஆராய்ந்த ஜெர்மானியர் மேக்னஸின் பெயரால் மேக்னஸ் விளைவு என்றே புத்தகங்களில் இருக்கிறது. சுழற்சி குண்டைக் கெடுக்கிறது என்றால், பறக்கும் திசையையே அச்சாக வைத்துச் சுழல விட்டால் அது குண்டை நேராக வைத்திருக்கும் என்பதும் அவருக்குப் புரிந்தது. குழலுக்குள் புரி வெட்டிய ரைஃபிளை எந்த நாடு முழுசாகப் புரிந்து தன் படைக்குக் கொடுக்கிறதோ அது மற்றவர்களை மிஞ்சும் என்று 1747இலேயே சொல்லிவிட்டார். அடுத்த நூற்றாண்டு அதை நிரூபித்தது.

1746ஆம் ஆண்டுக்கான காப்ளி பதக்கத்தை ராயல் சொசைட்டி அவருக்குத் தந்தது. அதற்கு முன்பே, பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்காக மாபெரும் கணித மேதை ஆய்லர் அந்தச் சின்னப் புத்தகத்தை 1745இல் ஜெர்மனில் மொழிபெயர்த்திருந்தார். ஆய்லர் சேர்த்த விளக்கவுரை மூலத்தைவிடப் பல மடங்கு பெரிசு! குண்டின் சுழற்சி பற்றி மட்டும் ஆய்லர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஓர் இடத்தில் ஆய்லர் தவறு, ராபின்ஸ் சரி. பின்னாளில் இளம் பீரங்கி அதிகாரியாக இருந்த நெப்போலியனும் ராபின்ஸைக் குறிப்பெடுத்துப் படித்தார்.

கடலூருக்கு ஒரு கப்பல்

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமையிடத்தைக் கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்று முகத்தருகே இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாற்றியது. சென்னை திரும்பக் கிடைத்தாலும் கம்பெனிக்குப் பயம் போகவில்லை. கோட்டைகளைப் புதுப்பிக்க ஓர் ஆள் வேண்டும். 1749இல் ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது.

அதே ஆண்டு லண்டனில் சமாதான விழா வாணவேடிக்கை நடந்தது. ஊரே வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்க, நம்ம ஆள் ராக்கெட் எவ்வளவு உயரம் போகிறது என்று அளக்க ஏற்பாடு செய்து அதைக் கட்டுரையாக்கினார். அப்படிப்பட்டவர் சும்மா கப்பல் ஏறுவாரா? வானியல் கருவிகளையும் சோதனைக் கருவிகளையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்தார்.

1750 ஜூலையில் இங்கே வந்து சேர்ந்தார். சென்னைக்கும் கடலூருக்கும் கோட்டை வரைபடங்கள் போடத் தொடங்கினார். செப்டம்பரில் காய்ச்சல் வந்தது. தேறினார், ஆனால் உடம்பு பழையபடி ஆகவில்லை. 1751 ஜூலை 29 அன்று செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். நாற்பதுகளின் தொடக்கம்தான். திருமணம் ஆகவில்லை. அடுத்த மாதம் கிளைவ் ஆற்காட்டை நோக்கிப் படை நடத்தினார், அதன்பிறகு இந்த மண்ணின் வரலாறே வேறு பக்கம் திரும்பியது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். ராபின்ஸின் நண்பர் ஜேம்ஸ் வில்சன், அவர் எழுத்துகளைத் தொகுத்து 1761இல் இரண்டு பாகமாக வெளியிட்டார்.

அவர் யாருக்காக வேலை செய்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. நம்மை ஆளவந்த கம்பெனியின் சம்பளக்காரர். அவர் வளர்த்த அறிவு பல போர்க்களங்களில் உயிர் குடித்தது. குவேக்கர் வீட்டுப் பிள்ளை இதை எப்படிச் சமாளித்தார் என்ற கேள்வி, டிபன்ஸ் கம்பெனிகள் கேம்பஸுக்கு வரும் இந்தக் காலத்தில் நமக்கும் பொருந்தும். அதற்கு அவரவர் பதில் தேடிக்கொள்ளணும்.

ஆனால் வேலை செய்யும் முறைக்கு அவரிடம் கற்க ஒன்று இருக்கிறது. எல்லோரும் புறக்கணி என்று சொன்ன காற்றுத் தடையை அவர் அளந்து பார்த்தார், அங்கேதான் மொத்த விடையும் இருந்தது. அடுத்த முறை லேபில் ரீடிங் சரியா வரலேன்னு பக்கத்து டேபிளைப் பார்த்து எழுதத் தோணினா, ஒரு நிமிஷம் அந்த ரிப்பனை நினைச்சுக்கோங்க. கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனால், அலையில் கால் நனைச்ச கையோடு பக்கத்திலிருக்கும் கோட்டை இருந்த இடத்தையும் ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க. நம்ம பிசிக்ஸ் புத்தகத்துக் கணக்கு ஒன்றின் சொந்தக்காரர் அங்கேதான் கண் மூடினார்.